சல்லடைக் கண் சொல்லும் கணக்கு

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, புவியமைப்பியல்

சல்லடை இல்லாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. மாவு சலிக்க ஒன்று, ரவை சலிக்க ஒன்று, வீடு கட்டுகிற இடத்தில் மணல் சலிக்கச் சாய்த்து வைத்த பெரிய சல்லடை ஒன்று என எத்தனையோ வகைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. காணாமற்போன பொருளைக்கூட நாம் ‘சல்லடை போட்டு’த்தான் தேடுகிறோம். ஆனால் சல்லடை ஓர் அளவுகோல் என்பதையும், அதன் கண் ஒன்றரைப் புள்ளி மாறினால் ஒரு குடும்பத்தின் வருமானமே மாறக்கூடும் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் சென்ற தை மாதம் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டுக்கு வந்தவர்கள் ஒண்டிக்கடையை அறிவார்கள். ஏரிக்குச் சிறிது தொலைவில் சாலைகள் கூடும் இடம் அது. ஒரே ஒரு கடை இருந்த காலத்தில் வந்த பெயராக இருக்கவேண்டும். இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்து பிரியும் ஒரு சாலையில், ஜீப் மட்டுமே போகக்கூடிய மண்பாதையின் முடிவில் எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு ஏக்கர் காப்பி, சவுக்கு மரங்களில் ஏறிய கொஞ்சம் மிளகு. இவைதாம் எங்கள் சொத்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஏற்காட்டில் காப்பி புதிதன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார் என்பது வரலாறு. நெடுங்காலம் காப்பி வாரியமே விளைச்சல் முழுவதையும் வாங்கி விற்றுவந்தது. 1990-களின் நடுப்பகுதியில் அந்த முறை விலக்கப்பட்டு, பயிரிட்டவரே விற்றுக்கொள்ளலாம் என்றானது. அன்றுமுதல் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளுக்கு வியாபாரியின் தராசும் சல்லடையுமே நீதிமன்றம்.

ஒண்டிக்கடையில் நடந்தது

தங்கைக்குப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டவேண்டிய நேரம். வீட்டில் ஐந்து மூட்டைப் பார்ச்மெண்ட் இருந்தது. பழத்தின் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த, உமி நீங்காத காப்பிக்குப் பார்ச்மெண்ட் என்று பெயர். அப்பா ஒரு மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வியாபாரியிடம் போனார். விடுமுறைக்கு வந்திருந்த நானும் உடன் சென்றேன்.

வியாபாரி மூட்டையின் கீழ் மூலையில் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் எடுத்தார். அதை நிறுத்து, உமி நீக்கி, 200 கிராம் பருப்பை வட்டத்துளைச் சல்லடையில் போட்டு ஆட்டினார். மேலே நின்றதை நிறுத்தார். 78 கிராம்.

“பெரியவரே, நூத்துக்கு முப்பத்தொம்பதுதான் ஏ நிக்குது. இந்த வருசம் உங்க காப்பி சின்னம்” என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “மொதலாளி, நல்ல மழை பேஞ்ச வருசங்க இது. பழம் நல்லாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். பணம் உடனே வேண்டும். ஆகவே அந்த ஒரு மூட்டையை அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்: அந்தச் சல்லடையில் ஏதோ சூது இருக்கிறது. கண்ணைப் பெரிதாக்கி வைத்திருப்பார், பெரிய பருப்பும் கீழே விழும், விலை குறையும். கல்லூரி ஆய்வகத்தில் சல்லடைகளைக் கையாண்டவன் என்ற முறையில் அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லுமுன், ஆய்வகத்தில் நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணின் எண்ணிக்கையும் கண்ணின் அளவும்

சல்லடையைக் குறிப்பிடும்போது ‘200 மெஷ்’, ‘100 மெஷ்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மாவாக அரைத்த கனிமங்களை விற்போரும் வாங்குவோரும் இன்றும் இப்படியே பேசுகிறார்கள். மெஷ் எண் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் உள்ளன என்பதைக் குறிக்கும். எண் கூடக்கூடக் கண் சிறுக்கும். இதுவரை எளிதே.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓர் அங்குலத்தைக் கண்கள் மட்டும் நிரப்புவதில்லை. கம்பிகளும் சேர்ந்தே நிரப்புகின்றன. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 10 மெஷ் சல்லடையில் ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 2.54 மில்லிமீட்டர். கம்பியின் பருமன் 0.5 மில்லிமீட்டராக இருந்தால் கண்ணின் அகலம் 2.04. அதுவே 0.9 மில்லிமீட்டர் கம்பியானால் கண் 1.64 மட்டுமே. இரண்டும் 10 மெஷ் சல்லடைகளே. ஆனால் ஒன்றில் நழுவும் மணி மற்றொன்றில் நின்றுவிடும். மெஷ் எண்ணை மட்டும் சொன்னால் அளவு சொன்னதாகாது என்பது இதனால் விளங்கும்.

இந்தக் குழப்பத்தைப் போக்கவே ‘நியமச் சல்லடைகள்’ தோன்றின. அமெரிக்காவில் டைலர் நிறுவனம் 1910-ஆம் ஆண்டில் ஒரு வரிசையை வகுத்தது. அதன் அடிப்படை 200 மெஷ் சல்லடை. 25.4 மில்லிமீட்டரை 200-ஆல் வகுத்தால் 127 மைக்ரான். கம்பியின் பருமன் 53 மைக்ரான். மீதி 74 மைக்ரான் கண்ணின் அகலம். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று கொண்டால் இது எவ்வளவு நுண்ணியது என்பது புலப்படும்.) இன்றைய நியமங்களில் அது 75 மைக்ரான் என முழுமையாக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் ஐ.எஸ். 460 என்னும் நியமம் சோதனைச் சல்லடைகளுக்கு உரியது. அதன் முதற்பகுதி கம்பிவலைச் சல்லடையையும், இரண்டாம் பகுதி தகட்டில் துளையிட்ட சல்லடையையும் பற்றியது. இந்த நியமத்தில் சல்லடையின் பெயரே கண்ணின் அளவுதான்: 4.75 மில்லிமீட்டர் சல்லடை, 600 மைக்ரான் சல்லடை என்றே அழைக்கிறோம்.

இந்த அளவுகள் மனம்போன போக்கில் வைத்தவை அல்ல. 75, 106, 150, 212, 300, 425, 600, 850 என்று மைக்ரானில் செல்லும் வரிசையைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைவிட ஏறக்குறைய 1.414 மடங்கு. அதாவது இரண்டின் வர்க்கமூலம். அகலம் இவ்வாறு கூடும்போது கண்ணின் பரப்பு ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 75, 150, 300, 600 என அகலமே இரட்டிப்பாகும். எத்துணை ஒழுங்கு!

ஆய்வகத்தில் சலிக்கும் முறை

எங்கள் ஆய்வகத்தில் பித்தளை வளையம் கொண்ட சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். பெரிய கண் மேலே. வரவரச் சிறிய கண் கீழே. அடியில் ஒரு தட்டு. தலையில் ஒரு மூடி. நன்கு காயவைத்த மணலை நிறுத்து மேல் சல்லடையில் கொட்டி, குலுக்கும் பொறியில் வைத்துப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் குலுக்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதைத் தனித்தனியே நிறுக்கவேண்டும்.

என் செய்முறைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு கணக்கைத் தருகிறேன். எடுத்துக்கொண்ட மணல் 500 கிராம். 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கியது 10 கிராம், 2.36-இல் 40, 1.18-இல் 100, 600 மைக்ரானில் 150, 300-இல் 125, 150-இல் 60, அடித்தட்டில் 15. கூட்டினால் 500 சரியாக வருகிறது. இவற்றைச் சதவீதமாக்கி, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வந்தால் முறையே 2, 10, 30, 60, 85, 97 கிடைக்கும். இந்த ஆறையும் கூட்டினால் 284. நூறால் வகுத்தால் 2.84. இதற்கு நுண்மை எண் என்று பெயர். எண் பெரிதானால் மணல் பருத்தது. சிறிதானால் மணல் நைந்தது. கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலானாலும் கல்லுடைத்த எம்-சாண்டானாலும் இந்தச் சோதனைக்கு உட்படவே வேண்டும். 600 மைக்ரான் சல்லடையில் நூற்றுக்கு எத்தனை நழுவுகிறது என்பதைக்கொண்டு மணலை நான்கு மண்டலங்களாகப் பிரிப்பது ஐ.எஸ். 383 என்னும் நியமம். மேற்சொன்ன மணலில் நழுவியது 40. ஆகவே இது இரண்டாம் மண்டலம்.

புவியமைப்பியல் மாணவருக்கு இதில் மேலும் ஒரு பயன் உண்டு. 1922-இல் வென்ட்வொர்த் வகுத்த அட்டவணைப்படி 2 மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டரின் பதினாறில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட மணிகளே மணல். காற்று கொண்டுவந்து குவித்த தென்மாவட்டத் தேரி மணலைச் சலித்தால், பெரும்பகுதி ஒன்றிரண்டு சல்லடைகளிலேயே தங்கிவிடும். காற்றே அதை முன்பே சலித்துவிட்டது! எங்கள் மலைச்சரிவு மண்ணையோ எல்லாச் சல்லடைகளும் பங்கிட்டுக்கொள்ளும். மணியின் அளவைக்கொண்டே அது வந்த வழியைச் சொல்லலாம் என்பது இதன் பொருள்.

சலிப்பதில் தவறு நேரும் வழிகள் பல. முதல் பருவத்தில் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒரே சல்லடையில் அளவுக்கு மீறிய மணலைக் கொட்டினேன். கண்கள் அடைபட்டு, நழுவவேண்டிய மணியெல்லாம் மேலேயே நின்றுவிட்டது. ஈரம் காயாத மண் கட்டியாகித் தங்கிவிடும். அடைபட்ட கண்ணை ஊசியால் குத்தினால் கம்பி விலகி, அந்தக் கண் என்றென்றைக்கும் பொய் சொல்லும். ஆகையால் மெல்லிய தூரிகையால் அடிப்பக்கத்திலிருந்தே தட்டவேண்டும் என்பார் எங்கள் ஆசிரியர்.

சல்லடை எதை அளக்கிறது?

ஒரு மணி உருண்டையாக இருந்தால் தொல்லை இல்லை. நீண்ட மணியானால்? ஊசி நீளமானதுதான், ஆனாலும் நெட்டுக்குத்தாகச் சல்லடையில் விழுந்துவிடுகிறது. ஆகவே சல்லடை மணியின் நீளத்தை அளப்பதில்லை. அதன் அகலத்தையே அளக்கிறது. காப்பிப் பருப்பு இதற்கு நல்ல சான்று. அதற்கு நீளம், அகலம், கனம் என்று மூன்றும் உண்டு. வட்டத்துளையில் பருப்பு நிமிர்ந்து நின்று நழுவும்போது துளை அளப்பது அதன் அகலத்தை. பீபெரி என்னும் ஒற்றைக்கொட்டைப் பருப்பு உருண்டு திரண்டது. தட்டைப் பருப்பிலிருந்து அதைப் பிரிக்க நீள்துளைத் தகடு வேண்டும். அங்கே அளக்கப்படுவது கனம். துளையின் வடிவத்தை மாற்றினால் அளக்கும் பொருளே மாறிவிடுகிறது.

காப்பிச் சல்லடையின் எண் மெஷ் எண்ணுக்கு நேர்மாறானது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். அது அங்குலத்தில் அறுபத்து நான்கில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 16-ஆம் எண் என்றால் கால் அங்குலம். எண் கூடினால் துளை பெருக்கும். நம் நாட்டில் பிளாண்டேஷன் ஏ தரத்துக்கு 17-ஆம் எண் சல்லடை, துளை 6.65 மில்லிமீட்டர். ஏஏ தரத்துக்கு 7.10 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. துளை சிறிது தேய்ந்தாலும் தரம் இறங்கிவிடும் என்று நான் ஐயுற்றதற்கு இதுவே காரணம்.

சல்லடைக்கும் ஓர் எல்லை உண்டு. 75 மைக்ரானுக்குக் கீழான வண்டல், களிமண் ஆகியவற்றைச் சலிப்பது கடினம். அவற்றை நீரில் கரைத்து, எவ்வளவு நேரத்தில் படிகின்றன என்று ஹைட்ரோமீட்டரால் பார்க்கிறார்கள். சிறிய மணி மெதுவாகவும் பெரிய மணி விரைவாகவும் இறங்கும் என்பதைக் கணக்கில் வடித்தவர் ஸ்டோக்ஸ்; ஆண்டு 1851.

சல்லடை குற்றவாளி அன்று

ஆசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்து வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு மறுவாரம் ஊருக்குச் சென்றேன். வியாபாரியிடம், “ஐயா, உங்க சல்லடைக் கண்ணைக் கொஞ்சம் அளந்து பாக்கலாங்களா?” என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று எண்ணினேன். “தாராளமா அளந்து பாரு தம்பி. படிக்கிற புள்ள, சந்தேகம் வரத்தான் செய்யும்” என்று எடுத்துக் கையில் கொடுத்தார்.

இருபது துளைகளை அளந்தேன். எல்லாம் 6.6-க்கும் 6.7-க்கும் இடையே இருந்தன. ஒரு மூலையில் இரண்டு துளைகள் மட்டும் விளிம்பு பிய்ந்து சற்றுப் பெரிதாகியிருந்தன. நூற்றுக்கணக்கான துளைகளில் இரண்டு இந்த வேறுபாட்டை உண்டாக்க முடியாது. சல்லடை சரியானது. எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. ஆனால் அவரோ, “வேணும்னா ரெண்டு நாள் வச்சிருந்து குடு” என்று சல்லடையையே தந்துவிட்டார்.

வீட்டில் மீதி நான்கு மூட்டைகள் இருந்தன. ஒன்றைப் பிரித்து மேலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, அம்மா உரலில் மெல்ல இடித்து உமி நீக்கித் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் 200 கிராம் எடுத்துச் சலித்தேன். மேலிருந்து எடுத்ததில் 120 கிராம் நின்றது, நூற்றுக்கு 60. அடியிலிருந்து எடுத்ததில் 82 கிராம்; நூற்றுக்கு 41. ஒரே மூட்டை; ஒரே சல்லடை; இரண்டு தீர்ப்பு!

அப்பாதான் காரணத்தைச் சொன்னார். “மொதல்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பழுத்ததப் பறிச்சுக் காயவச்சோமே, அத எல்லா மூட்டைலயும் அடியில போட்டேன் கண்ணு. அப்புறம் நல்லாப் பழுத்தது வந்துச்சு, அத மேல போட்டேன்.” முன்னதாகப் பழுத்த பழத்தில் பருப்பு அவ்வளவு திரண்டிருக்கவில்லை. அது அடியில் தங்கிவிட்டது. குத்தூசி போனதும் அடி மூலைக்கே.

இதற்கு ஜீப் பயணமும் துணைசெய்திருக்கும். ஒரு டப்பாவில் வேர்க்கடலையையும் அரிசியையும் கலந்து குலுக்கிப் பாருங்கள். அரிசி இடுக்குகள் வழியே கீழே இறங்கும்; கடலை மேலே வரும். குலுங்கும் கலவையில் பெரும்பாலும் சிறியது அடியை நோக்கி நழுவும் என்பது அறிவியல் கண்ட உண்மை. இதை நான் பெருமையாக அம்மாவிடம் விளக்கினேன். “இதுக்கா காலேஜுக்குப் போன? அரிசிக் குண்டானத் தட்டுனா நொய்யி அடிக்குப் போறது எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்கள்.

ஒரு சோறு எப்போது பதம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. அது பொய்யன்று. ஆனால் பானையில் நீர் கொதிக்கிறது; அரிசி முழுவதும் ஓயாமல் புரண்டு கலக்கிறது; அகப்பையும் துழாவுகிறது. எனவே அகப்பையில் வந்த ஒரு சோறு பானை முழுமைக்கும் சாட்சி சொல்ல உரிமை பெற்றது. மூட்டை கொதிப்பதில்லை. அதில் எங்கே கைவைக்கிறோமோ அந்த இடத்தின் சேதியைத்தான் அறிகிறோம்.

இதற்காகவே ஆய்வகத்தில் ‘நான்காகப் பகுத்தல்’ என்னும் முறையைக் கற்பிக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் அது வெறும் சடங்கு என்று நான் கருதியிருந்தேன். மண்ணையோ மணலையோ நன்றாகக் கலந்து கூம்பாகக் குவிக்கவேண்டும். உச்சியைத் தட்டி வட்டமாகப் பரப்பவேண்டும். அதைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு கால்களை நீக்கிவிட்டு, மற்ற இரண்டையும் சேர்த்து மீண்டும் குவிக்கவேண்டும். வேண்டிய அளவு வரும்வரை இப்படியே பகுக்கவேண்டும். கடைசியில் கையில் நிற்கும் ஒரு பிடி, முழுக் குவியலின் சிறு வடிவம்.

நான்கு மூட்டைகளையும் களத்தில் தார்ப்பாயில் கொட்டினோம். அப்பா ஒருபுறம், நான் ஒருபுறம் மண்வெட்டியால் வாரி வாரிக் கலந்தோம். நான்காகப் பகுத்து, மீண்டும் பகுத்து, உமி நீக்கி 200 கிராம் சலித்தேன். நின்றது 108 கிராம். நூற்றுக்கு 54.

அந்த மூட்டைகளுடன் ஒண்டிக்கடைக்குப் போனபோது வியாபாரி வழக்கம்போல் குத்தூசியை எடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். “மூட்டையக் குத்தி எடுக்கறதுதான் தம்பி வழக்கம். அடி மூலை கைக்குத் தோதா இருக்கும், அவ்வளவுதான்” என்றார். பிறகு அவராகவே ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தி, எல்லாவற்றையும் ஒரு தட்டில் கலந்து, அதிலிருந்து எடுத்துச் சலித்தார். 53 நின்றது. என் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் ஒன்றே வேறுபாடு. அதற்குரிய விலையைத் தந்தார்.

முன்பு விற்ற ஒரு மூட்டையில் போன பணம் போனதுதான். திரும்பும் வழியில் நான் அதைச் சொல்லி வருந்தினேன். அப்பா சற்று நேரம் பேசாமல் வந்தார். பிறகு, “ஏன் கண்ணு, அன்னிக்கு அவரு மேல குத்தியிருந்தா நூத்துக்கு அறுவதுன்னு வந்திருக்கும். அப்ப நட்டம் அவருக்குத்தானே? நாம அதச் சொல்லியிருப்பமா?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

நண்பர்களே! அளவு தவறு என்று தோன்றினால் கருவியைச் சந்தேகிப்பது எளிது. கருவி வைத்திருப்பவரைச் சந்தேகிப்பது அதைவிட எளிது. கருவியின் கையில் நாம் எதைக் கொடுத்தோம் என்று கேட்பதுதான் அரிது. மணல் லாரியின் மேற்பரப்பிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு ‘நல்ல மணல்’ என்பவரும், வயலின் ஒரு மூலை மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வயல் முழுவதற்கும் உரம் இடுபவரும், ஒரு நாள் விடையைக்கொண்டு ஒரு மாணவனை எடைபோடுபவரும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். சலிக்குமுன் கலக்கவேண்டும் என்பது ஆய்வகக் குறிப்பேட்டின் முதல் வரி. அதன் பொருள் எனக்கு விளங்கியது எங்கள் வீட்டுக் களத்தில்.

வெர்னியர் அளவியை நம்பிக் கொடுத்தனுப்பிய எம் துறை ஆசிரியருக்கு என் நன்றி. அதை ஒரு கீறலும் இன்றித் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். இந்த ஆண்டு முதல்பறிக் காப்பிக்கு அப்பா தனிமூட்டை போட்டிருக்கிறார்.